சேரலாம், ஆனால் எந்தக் கட்டணத்தில்?

டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்த் தகப்பனார் கேட்டிருக்கிறார்: "ஆவணமில்லாமல் அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகள் கல்லூரியில் சேர முடியுமா? முடியும் என்றால், அவர்களுக்குக் கல்லூரி வாய்ப்பை விரிவாக்க வேண்டும் என்று எதற்காகப் போராடுகிறார்கள்? முறையாக விசா எடுத்து வந்து வரி கட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இழப்பு இல்லையா?"

முதல் கேள்விக்குப் பதில்: சேரலாம். ஆவணமில்லாதவரைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியின் (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) சேர்க்கை மேசையில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். இந்த ஒரு தகவல் தெரியாமலேயே பள்ளி முடித்த கையோடு கட்டட வேலைக்கும் ஓட்டல் சமையலறைக்கும் போய்விட்ட பிள்ளைகளின் கதையை அவர்களுடைய தம்பி தங்கைகள் வந்து சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஆகவே போராட்டம் பெரும்பாலும் சேர்க்கையைப் பற்றியது அன்று. கட்டணத்தையும் உதவித்தொகையையும் படிவங்களையும் பற்றியது. அதற்கப்புறம் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றியது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1975இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது: சட்டப்படி நாட்டுக்குள் வராத பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது. டைலர் என்ற ஊரின் பள்ளி மாவட்டம் அந்தப் பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982 ஜூன் 15 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பிளைலர் எதிர் டோ என்பது வழக்கின் பெயர். பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது, பள்ளிக்கதவை எந்த மாநிலமும் சாத்தக் கூடாது என்பது நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதிய தீர்ப்பின் சாரம். மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இன்றும் அதுதான் சட்டம். ஆனால் தீர்ப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பதினெட்டு வயதுவரை 'நம் பிள்ளை' என்று மேடையேற்றிக் கைதட்டி, பட்டமளிப்பு அங்கி போட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் 'நீ யார்?' என்று கேட்கிற ஏற்பாடு இது.

அந்த மறுநாள் காலையின் கணக்கைப் பாருங்கள். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரியில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (பாட அளவின் அலகு) 46 டாலர். வெளியாள் என்று வகைப்படுத்தினால் அதே யூனிட்டுக்கு 300 டாலருக்கும் மேல். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2024-25 கல்வியாண்டில் மாநிலத்தவர் அல்லாதவர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது 34,200 டாலர். வீடு துடைக்கும் வேலை பார்க்கிற அம்மாவின் முழு ஆண்டு வருமானம் அது. எங்கள் மேசைக்கு வந்தவர்களுக்கு அனுமதிக் கடிதம் கிடைத்திருந்தது. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இந்தக் கட்டணத்தை மாநிலங்கள் தம் விருப்பப்படி குறைத்துவிட முடியாமல் 1996இல் நாடாளுமன்றம் இரண்டு முட்டுக்கட்டைகளைப் போட்டது. ஒன்று, ஆவணமற்றவருக்கு மாநிலச் சலுகை தர வேண்டுமானால் அதற்கென்று அந்த மாநிலம் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டும். இன்னொன்று, குடிவரவுச் சட்டத்தின் 505ஆம் பிரிவு. அதன் பொருள்: ஆவணமற்ற ஒருவருக்கு அவர் மாநிலத்தில் 'வசிக்கிறார்' என்ற காரணத்துக்காகக் கல்லூரிச் சலுகை கொடுத்தால், நாட்டின் எந்த மூலையில் வசிக்கும் குடிமகனுக்கும் அதே சலுகையைக் கொடுத்தாக வேண்டும். வெளிமாநிலக் கட்டணத்தில்தான் பல பல்கலைக்கழகங்கள் பிழைக்கின்றன. அதை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. கல்லூரி வாய்ப்பு விரிந்தது பெரிய புரட்சியால் அன்று, வரைவு எழுதத் தெரிந்தவர்களின் சாமர்த்தியத்தால். 2001இல் டெக்சாஸும் கலிபோர்னியாவும் சில மாத இடைவெளியில் சட்டம் கொண்டுவந்தன. டெக்சாஸ்தான் முதலில், கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெரி. இன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கலிபோர்னியாவின் சட்டத்துக்கு ஏபி 540 என்று பெயர். அதில் 'வசிப்பவர்' என்ற சொல்லை நிபந்தனையாக்கவே இல்லை. கலிபோர்னியாவில் மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அங்கேயே முடித்திருக்க வேண்டும். தகுதி வந்தவுடன் குடிவரவு நிலையைச் சரிசெய்ய விண்ணப்பிப்பேன் என்று ஓர் உறுதிமொழியும் தர வேண்டும். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள் அல்லவா? படித்த பள்ளியே சான்று.

இந்த வரைவின் அழகு என்னவென்றால், நெவாடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட அமெரிக்கக் குடிமகனும் கலிபோர்னியாவில் மூன்று ஆண்டு படித்திருந்தால் அதே சலுகையைப் பெறலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடக்க ஆண்டுகளில் இந்தச் சலுகையை வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் குடிமக்களும் சட்டப்படி வசிப்பவர்களும்தான். வெளிமாநில மாணவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2010இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ஏற்றது: பள்ளிப்படிப்பு வேறு, வசிப்பிடம் வேறு. மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தொட மறுத்தது. அதன்பின் வழி தெரிந்துவிட்டது. காலப்போக்கில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் இதே பாதையில் வந்தன.

கட்டணம் குறைந்தாலும் மிச்சத்தைக் கட்டப் பணம் வேண்டும். கூட்டாட்சி அரசின் பெல் மானியம் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். ஆவணமற்றவருக்கு ஒரு டாலரும் கிடையாது, கூட்டாட்சிக் கடனும் கிடையாது. ஆகவே மாநிலப் பணம்தான் வழி. கலிபோர்னியா 2011இல் இரண்டு சட்டங்களால் அதைத் திறந்தது. வாஷிங்டன் மாநிலம் 2014இல், நியூயார்க் 2019இல் திறந்தன. தனியார் பல்கலைக்கழகங்களில் ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற பணக்கார இடங்கள் தம் சொந்த நிதியிலிருந்து குடிமகனுக்குச் செய்வதை இவர்களுக்கும் செய்கின்றன. ஆனால் அங்கே இடம் கிடைப்பவர் எத்தனை பேர்? செய்தித்தாளில் வருவது அவர்கள். எங்கள் மேசைக்கு வந்தது மற்றவர்கள்.

படிவத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு பையன் வந்தான். ஆறு வயதிலிருந்து அந்த ஊர்ப் பள்ளியில் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். முந்தைய பருவத்தில் எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் அவனை 'வெளிநாட்டு மாணவர்' என்ற பெட்டியில் போட்டு, மாணவர் விசாவும் வங்கி இருப்புச் சான்றும் கேட்டிருக்கிறார். விசா எங்கிருந்து வரும்? பையன் போய்விட்டான். ஒரு பருவம் முழுக்கப் பழக்கடையில் பெட்டி தூக்கியிருக்கிறான். அவன் கையெழுத்திட வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள், அந்த உறுதிமொழிப் படிவம். சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று விசா கேட்ட அந்த ஊழியருக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர்தான் அவர். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாய்ப்பை விரிவாக்க என்ன செய்யலாம் என்று கருத்தரங்குகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு கல்லூரியிலும் இந்த விஷயம் தெரிந்த ஒரு மனிதருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2012இல் அப்படித்தான் ஒரு தனி மையம் அமைத்தார்கள். பிறகு மற்ற வளாகங்களும் பின்பற்றின.

பயம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் படிவம் கிடையாது. "பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தால் அது எங்கே போகும்?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். மாணவர் பதிவேடுகளுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது, மாநில உதவிக்குக் கலிபோர்னியாவில் தனி விண்ணப்பமே இருக்கிறது என்று சொல்வேன். அவர்கள் தலையாட்டுவார்கள், முகம் மாறாது. பிள்ளை அமெரிக்காவில் பிறந்து பெற்றோருக்கு மட்டும் ஆவணம் இல்லாத குடும்பங்களில் இந்தப் பயம் இன்னும் சிக்கலானது. பிள்ளைக்குக் கூட்டாட்சி உதவிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் பெற்றோர் விவரம் தர வேண்டும். 2024இல் கூட்டாட்சி விண்ணப்பத்தைப் புதுப்பித்தபோது, சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரால் மாதக்கணக்கில் இணையத்தில் உள்ளேயே நுழைய முடியவில்லை. குடிமகனான பிள்ளைதான் அந்தக் கோளாறுக்கு விலை கொடுத்தது.

எல்லா மாநிலமும் கதவைத் திறக்கவில்லை. தென் கரோலினா 2008இல் அரசுக் கல்லூரிகளில் இவர்களைச் சேர்ப்பதையே தடுத்தது. அலபாமா 2011இல் பின்தொடர்ந்தது. ஜார்ஜியாவில் 2010இல் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, ஜார்ஜியா பல்கலைக்கழகம், ஜார்ஜியா டெக் போன்ற போட்டி மிகுந்த இடங்களை மட்டும் மூடியது. அதற்கு எதிர்ப்பாக அதே மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் பேராசிரியர்கள் சிலர் 2011இல் 'ஃப்ரீடம் யுனிவர்சிட்டி' என்ற பெயரில் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். மதிப்பெண் பட்டியல் இல்லை, பட்டம் இல்லை, வகுப்பு மட்டும் உண்டு. அரிசோனாவின் கதை வேறு. 2006இல் எழுபது விழுக்காட்டுக்கும் மேலான வாக்காளர்கள் உள்மாநிலக் கட்டணம் கூடாது என்றார்கள். 2022இல் அதே மாநிலத்தில் 51 விழுக்காட்டினர் கொடுக்கலாம் என்றார்கள். பதினாறு ஆண்டுகளில் மனம் மாறியதற்கு எந்த நீதிமன்றமும் காரணமில்லை. மேரிலாந்து வாக்காளர்கள் 2012இலேயே ஏறத்தாழ 59 விழுக்காட்டு ஆதரவோடு ஏற்றார்கள். மக்களிடம் நேரடியாகக் கேட்டால் தோற்றுவிடும் என்று ஆதரவாளர்களே பயந்துகொண்டிருந்த விஷயம் இது.

நாட்டின் நாடாளுமன்றத்தில் மட்டும் ஒன்றும் நகரவில்லை. சிறுவயதில் வந்த ஆவணமற்ற பிள்ளைகளுக்குச் சட்டப்படியான நிலை தரும் ட்ரீம் சட்டத்தை முதன்முதலில் 2001இல் செனட்டில் கொண்டுவந்தவர்கள் ஓரின் ஹாட்ச், டிக் டர்பின். ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி. 2010 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் 60 வாக்கு தேவைப்பட்ட இடத்தில் 55 மட்டுமே கிடைத்து விழுந்தது. அந்தச் சோர்வில்தான் 2012 ஜூன் 15 அன்று ஒபாமா டாகா திட்டத்தை அறிவித்தார். பிளைலர் தீர்ப்பு வந்து சரியாக முப்பது ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கக்கூடிய வேலை அனுமதியும் நாடுகடத்தலிலிருந்து தற்காலிக விலக்கும் அதில் கிடைத்தன. கட்டணத்தைப் பற்றி டாகா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேலை அனுமதி கிடைத்ததும் பிள்ளைகள் தாங்களே சம்பாதித்துக் கட்டினார்கள். மருத்துவப் படிப்புகூட எட்டியது. சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிதான் இவர்களை வெளிப்படையாக அழைத்த முதல் இடம்.

இன்னும் பலர் 'டாகா இருக்கிறதே' என்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். டாகாவுக்கு 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். இந்த ஆண்டு பதினெட்டு வயதில் பள்ளி முடிக்கும் பிள்ளை அந்தத் தேதியில் பிறந்தேயிருக்காது. பிறந்திருந்தாலும் 2021 ஜூலையில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் பிறப்பித்த தடைக்குப் பிறகு புதிய விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் இல்லை. அதாவது, இன்று கல்லூரிக்குள் வரும் தலைமுறைக்கு டாகா என்பது அண்ணன்களின் கதை. வேலை அனுமதி இல்லை. கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பகுதிநேர வேலைகூட இல்லை. பட்டம் வாங்கினாலும் முதலாளி இவர்களை வேலைக்கு வைத்துக்கொள்வதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கலிபோர்னியா 2014இல் தொழில் உரிமங்களைக் குடிவரவு நிலை பாராமல் தரலாம் என்று சட்டம் செய்தது. உரிமம் கிடைத்தது, வேலைக்கு வைக்க ஆள் இல்லை. சொந்தமாகத் தொழில் தொடங்கித் தப்பித்தவர்கள் சிலர் உண்டு.

இப்போது உங்கள் டெக்சாஸ். 2025 ஜூன் 4 அன்று மத்திய நீதித்துறை டெக்சாஸின் 2001 சட்டத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. மாநிலம் தன் சட்டத்தைக் காக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மாநில அட்டர்னி ஜெனரல் கென் பேக்ஸ்டன் எதிர்த்தரப்போடு உடன்பட்டார். அன்றைக்கே, சில மணி நேரத்தில், நீதிபதி ரீட் ஓ'கானர் நிரந்தரத் தடை விதித்தார். 24 ஆண்டு வாழ்ந்த சட்டத்துக்காக வாதாட நீதிமன்றத்தில் யாருமே இல்லை. கலிபோர்னியா தவிர்த்த அந்தச் சொல் டெக்சாஸ் சட்டத்தில் இருந்ததையும் கவனியுங்கள். பள்ளி முடிப்பதற்கு முன் மூன்று ஆண்டு மாநிலத்தில் 'வசித்திருக்க' வேண்டும் என்று அது எழுதப்பட்டிருந்தது. மத்திய அரசு 505ஆம் பிரிவை வைத்துச் சுலபமாகக் குத்தக்கூடிய இடம் அது. மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர்களின் கட்டணம் ஒரு கோடையில் பல மடங்கானது. புளோரிடா 2014இல் தந்த சலுகையைத் தன் சட்டமன்றத்தின் வழியாகவே 2025 ஜூலை முதல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கென்டக்கி, மினசோட்டா, ஓக்லஹோமா, இல்லினாய் மீதும் வழக்குகள் பாய்ந்தன. நவம்பரில் கலிபோர்னியா மீதும். பள்ளிப்படிப்பையே அளவுகோலாகக் கொண்ட சட்டங்கள் நின்றுபிடிக்கும் என்பது என் கணிப்பு. 2010 தீர்ப்பின் தர்க்கம் திடமானது. ஆனால் கணிப்பை நம்பி எந்தப் பிள்ளையையும் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பிள்ளைக்கு இழப்பா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 'வரி கட்டுகிறவனுக்கு முன்னுரிமை' என்பது நியாயமான எண்ணம். ஆனால் மாநிலக் கல்லூரிகளைத் தாங்குவது விற்பனை வரியும், வருமான வரியும், வாடகைக்குள் ஒளிந்திருக்கும் சொத்து வரியும் போன்றவை. இவற்றை ஆவணமற்றவர்களும் கட்டுகிறார்கள். வரிக் கொள்கையை ஆராயும் ஐடெப் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் அவர்கள் கட்டிய எல்லா வரிகளும் சேர்த்து 9,670 கோடி டாலர். அதில் மாநில, உள்ளாட்சி வரிகள் மட்டும் 3,730 கோடி. இடத்தைப் பொறுத்தவரை, போட்டி மிகுந்த வளாகத்தில் ஓர் இடம் ஒருவருக்குப் போனால் இன்னொருவருக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் இவர்களில் மிகப் பலர் போவது சமுதாயக் கல்லூரிகளுக்கும் ஊர்ப் பக்கத்து மாநிலக் கல்லூரிகளுக்கும். அங்கே நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அவர்கள் வராவிட்டால் கல்லூரிக்கு வெளிமாநிலக் கட்டணம் கிடைத்துவிடாது. எந்தக் கட்டணமும் கிடைக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) இருந்தால் இந்தக் கதை உங்களுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை, நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற உச்சவரம்பினால் பல பத்தாண்டுகள் நீள்கிறது. பிள்ளைக்கு 21 வயது நிறையும் நாளில் உங்கள் விசாவின் நிழல் அதன்மேல் விழாது. மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும். டாகாவும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2012 ஜூன் 15 அன்று சட்டப்படியான நிலை 'இல்லாதவராக' இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கலிபோர்னியாவின் 2001 சட்டமும் விசாவில் இருப்பவர்களை வெளியே நிறுத்தித்தான் எழுதப்பட்டது. முறையாக வந்ததற்கு இது தண்டனையா என்று தமிழ்ப் பெற்றோர் என் மேசையில் கொதித்திருக்கிறார்கள். எனக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக 2021இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, 2023இல் மறுபடி வந்தது, இரண்டு தடவையும் நிறைவேறவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. பிள்ளையின் 21ஆம் பிறந்தநாளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். உங்கள் நிறுவனம் கிரீன் கார்டுக்காக எந்தத் தேதியில் மனு போட்டது, அது நிலுவையில் எத்தனை நாள் இருந்தது என்ற தாள்களை எடுத்து ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலுவை நாட்களை வயதிலிருந்து கழிக்க இடம் தருகிறது. விசா மாறும்போது கட்டண வகையும் மாறுமா என்று கல்லூரிப் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக வரும் பதிலை வாங்கிக்கொள்ளாதீர்கள்.